நண்டுத் தொட்டியும் நாலு பாகையும்

யாழ்ப்பாணத்தில் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் உண்டு, குளிக்கிறவர்கள் உண்டு, விற்கிறவர்களும் உண்டு. தண்ணீருக்காகக் கொள்கை வைத்துக்கொண்டு வாழ்கிற மனிதர் நான் அறிய ஒருவர்தான். எங்கள் ஊரில் மார்கழி விடியலிலும் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாகத்தான் இருக்கும். வெயில் கொஞ்சம் தணிந்து நாலு நாள் மழை பெய்தால் போதும், குரங்குத் தொப்பிகள் அலுமாரியை விட்டு வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதர் தன்னுடைய சீவியம் முழுவதையும் நாலு பாகை செல்சியசில் கழித்துக்கொண்டிருக்கிறார். நம்ப முடியாதவர்களுக்கு நானே சாட்சி. அவருக்குப் பக்கத்து மேசையில் ஆறு வருடம் இருந்தேன்.

அவர் பெயர் நாலு பாகை. தேவாலயத்தில் தண்ணீர் தெளித்து வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் அரியாலையில் ஒருவரும் வீடு காட்ட மாட்டார்கள். "நாலு பாகை அண்ணை" என்றால் தேத்தண்ணிக் கடைக்காரர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். ஒருமுறை தேர்தல் அட்டைகூட அந்தப் பெயருக்கு வந்ததாகச் சொல்வார்கள். அது சங்கத் தலைவர் கிளப்பிவிட்ட கதையாக இருக்கலாம்.

அரியாலையில் கடலேரிக் கரையோரமாக ஒரு மீனவர் சங்கம். அங்கே நான் கணக்கும் கடிதமும் எழுதுகிற லிகிதர், அவர் ஐஸுக்குப் பொறுப்பு. மானிப்பாயிலிருந்து இரண்டு பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து முதல் நாள் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். மூலையில் ஐஸ் போட்டு வைக்கிற ஒரு ரெஜிபோம் பெட்டி இருந்தது. திறந்து தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, உள்ளே மிதந்த ஐஸ் கரையட்டும் என்று இரண்டு குலுக்குக் குலுக்கினேன்.

"தம்பி, குலுக்காதேங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. கோபக் குரல் அல்ல. நித்திரை கொள்ளும் குழந்தையைத் தட்டி எழுப்பியவனிடம் சொல்வது போன்ற குரல்.

"ஏன் அண்ணை?"

"அது விடியத் தொடக்கம் பாடுபட்டு இப்பதான் ஒரு ஒழுங்குக்கு வந்தது. நீங்கள் வந்தோடனை எல்லாத்தையும் குழப்பிப்போட்டியள்."

மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேட்டு, சட்டைப் பையில் ஒரு கண்ணாடி வெப்பமானி. மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில் அவர் அதை வைத்திருந்தார். கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். அப்போதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

"பாருங்கோ தம்பி, சூட்டுத் தண்ணி லேசு, குளிர்ந்த தண்ணி பாரம். மேலை ஐஸ் கிடந்தால் மேல் தண்ணி குளிர்ந்து பாரமாகிக் கீழை போகும். கீழை கிடந்தது மேலை வந்து, அதுவும் குளிர்ந்து கீழை போகும். உப்பிடியே சுத்திச் சுத்தி முழுத் தண்ணியும் குளிரும். மேற்காவுகை எண்டு படிச்சிருப்பியள்."

"ஓம்."

"எதுவரைக்கும் சுத்தும்?"

"ஐஸாகிற வரைக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என்னுடைய பள்ளிக்கூடம், என்னுடைய ஆசிரியர்கள், என்னைப் பெற்றவர்கள் எல்லோர் மேலும் இரக்கம் இருந்தது.

"நாலு பாகை வரைக்கும். நாலுக்கு வந்தோடனை தண்ணியின்ரை குணம் மாறிப்போகும். பேந்து குளிரக் குளிரப் பாரம் குறையுமே ஒழிய ஏறாது. மூண்டு பாகைத் தண்ணி நாலு பாகைத் தண்ணிக்கு மேலை மிதக்கும். கீழை இறங்காது. சுத்து நிண்டுபோகும். மேலை ஐஸ், அடியிலை நாலு பாகை. ஆரும் கை வைக்காட்டில் அப்பிடியே கிடக்கும்."

"அதாலை என்ன அண்ணை?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றைக்கு நான் மேசைக்குத் திரும்பியபோது மத்தியானச் சாப்பாட்டு நேரமாகியிருந்தது.

அதற்குள் பலதும் தெரிந்துகொண்டேன். குளிர்நாட்டு ஏரிகள் மேலே உறைந்தாலும் அடியில் மீன் சாகாமல் இருப்பது இந்த நாலு பாகையால்தான். தண்ணீரும் மற்றப் பொருட்களைப் போலவே நடந்திருந்தால் ஏரி அடியிலிருந்து உறைந்து மீனெல்லாம் கருவாடாக வழியின்றிக் கட்டியாகியிருக்கும். அவருடைய தகப்பனார் மெதடிஸ்த தேவாலயத்தில் மணியடித்தவர். அந்த வளர்ப்பு அவரிடம் இப்படி வெளிப்பட்டது: "கடவுள் எல்லாத்துக்கும் ஒரே சட்டம் போட்டவர் தம்பி. பேந்து மீனை யோசிச்சுப்போட்டுத் தண்ணிக்கு மட்டும் ஒரு விலக்குக் குடுத்தவர். வேதத்திலை ஏன் இதை எழுதாமல் விட்டவையோ தெரியாது." இதைப் போதகரிடமும் கேட்டிருக்கிறார். போதகர் அதற்குப் பிறகு ஆராதனை முடிந்ததும் பின்கதவால் போகத் தொடங்கினாராம்.

அவர் உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியலில் சறுக்கியதற்கும் இதுவே காரணம். வினாத்தாளில் குளம் உறைவது பற்றி ஒரு சின்னக் கேள்வி வந்திருக்கிறது. மூன்று மணித்தியாலமும் அந்த ஒன்றையே எழுதியிருக்கிறார். மேலதிகத் தாள் ஏழு தரம் வாங்கினாராம். படம் கீறி, மீன் கீறி, மீனுக்குச் செதிளும் கீறி முடித்தபோது மணி அடித்துவிட்டது. "மற்றக் கேள்வியளும் நல்ல கேள்வியள்தான்" என்று பெருந்தன்மையோடு சொல்வார்.

பண்டத்தரிப்பில் எங்கள் தலைவரின் மகளுக்குக் கலியாணம். சோடாப் போத்தல்களைக் குளிர வைக்கப் பெரிய பீப்பாய் ஒன்றில் அடியில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதற்கு மேல் போத்தல்களை அடுக்கித் தண்ணீர் விட்டிருந்தார்கள். நம் ஊரில் காலங்காலமாக அப்படித்தான். நாலு பாகை வந்தார், எட்டிப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "குளிர் அடியிலையே கிடக்கப்போகுது. மேல் போத்தல் எப்பிடிக் குளிரும்? ஐஸை மேலை போடுங்கோ" என்று சமையல் பொறுப்பாளரிடம் கெஞ்சினார். அவர் அடுப்பைப் பார்ப்பாரா, இவரைப் பார்ப்பாரா? கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் அரிசி தூவ எழுந்த நேரம் பார்த்து, நாலு பாகை பீப்பாய்க்குள் இடுப்புவரை தலைகீழாக இறங்கிவிட்டார். அந்தக் கலியாண அல்பத்தில் தாலி கட்டும் படம் ஏழு இருக்கிறது. ஏழிலும் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாக அவருடைய இரண்டு கால்களும் தெரிகின்றன. சோடா மட்டும் மேலிருந்து அடிவரை ஒரே குளிராக இருந்ததை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருகிறவர்களுக்கு அவர் என்றால் பயம். வீடு எத்தனை அறை, பிள்ளை என்ன படிக்கிறது என்று ஊர் கேட்கும். இவர் கேட்பது ஒன்றுதான்.

"உங்கடை ஏரியிலை அடித்தண்ணி எத்தினை பாகை?"

"எனக்கெப்பிடி அண்ணை தெரியும்?"

"ஏரிக்குக் கிட்ட எத்தினை வருசமா இருக்கிறியள்?"

"இருபது வருசம் வரும். அந்தப் பக்கம் கார் நிப்பாட்டத்தான் போறனான்."

அதற்குப் பிறகு அந்த மனிதரோடு அவர் கதைத்ததே இல்லை. இருபது வருடம் திருத்தலத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு உள்ளே போகாதவனோடு என்ன கதை என்பது அவருடைய நியாயம்.

இவ்வளவு பக்தி இருந்தும் அவர் ஒருநாளும் நாலு பாகையைத் தன் கண்ணால் கண்டதில்லை. அதுதான் பரிதாபம். சட்டைப் பையில் இருந்த வெப்பமானியில் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் கோடுகள் தேய்ந்து போயிருந்தன. தேய்த்தது அவருடைய பெருவிரலேதான். ஆகவே நாலு என்பது அங்கே விசுவாசத்தால் மட்டுமே காணக்கூடியதாக இருந்தது.

பிறகு சங்கத்துக்கு நண்டு வந்தது. கரையோரமாக ஒரு கொட்டில் போட்டு, பதினாலு பெண்கள் நண்டை அவித்து, குளிர்நீர்த் தொட்டியில் தோய்த்து ஆறவிட்டு, சதை எடுத்துப் பொதி செய்தார்கள். கொழும்பிலுள்ள ஒரு கம்பனி வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பியது. அவர்களுக்குத் தலைவி பிலோமினா அக்கா. புருசன் வள்ளத்தில் கால் முறிந்து வீட்டில் கிடந்தார். மூன்று பிள்ளைகளின் சாப்பாடும் அந்தக் கொட்டிலில்தான். மற்றப் பதின்மூன்று பேருக்கும் கதை கொஞ்சம் வேறு, ஆனால் தேவை ஒன்றுதான்.

கம்பனிக்கு ஒரு கண்டிப்பு. தொட்டியின் அடித்தண்ணீர் இரண்டு பாகைக்கு மேல் போகக்கூடாது. அதற்கென்று நீளமான வயரும் சிவப்பு இலக்கமும் கொண்ட மின் வெப்பமானி ஒன்றைத் தந்திருந்தார்கள். பிலோமினா அக்கா நாளாந்தம் வயரை இறக்கிப் பார்த்து எழுதுவார். எப்போதும் ஒன்று சொச்சம்தான் காட்டும். பதினாலு பேரும் கூடைகளை முக்கி, எடுத்து, கை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தால் தண்ணீர் கலங்கி முழுவதும் ஒரே குளிராகத்தானே இருக்கும்? நாலு பாகை அண்ணைக்கு அந்தக் கருவியைக் கண்டதிலிருந்து நித்திரை இல்லை. நல்ல வெப்பமானி வந்துவிட்டது, நல்ல தண்ணீர் இருக்கிறது, மேலே ஐஸ் மிதக்கிறது, ஆனால் இந்தப் பெண்கள் தண்ணீரைச் சும்மா விடுகிறார்கள் இல்லை.

"பிள்ளையள், ஒரே ஒரு நாள், ஒரு ரெண்டு மணித்தியாலம் உந்தத் தண்ணியைத் தொடாமல் விடுங்கோவன்" என்று கேட்பார்.

"அண்ணை, உங்கடை தண்ணி காத்திருக்கும். எங்கடை நண்டு காத்திருக்காது" என்பார் பிலோமினா அக்கா, கையைத் தொட்டிக்குள் இருந்து எடுக்காமலே.

ஒருநாள் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. பரிசோதகர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால் ஒப்பந்தம் தொடரும், இல்லாவிட்டால் கொட்டிலை மூடவேண்டியதுதான். தலைவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. நமக்கு யாராவது பெரியவர் வருகிறார் என்றால் என்ன செய்வோம்? நிறைகுடம் வைப்போம். அவரும் வைத்தார். நண்டுக் கொட்டில் வாசலில் மாவிலை, தேங்காய், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பெண்கள் இஸ்திரி போட்ட சேலைக்கு மேல் வெள்ளை அங்கி கட்டி வரிசையாக நின்றார்கள். விடியற்காலையில் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பவுசர் வண்டியில் வந்த நல்ல தண்ணீரை நிரப்பி, மேலே ஐஸை மிதக்கவிட்டாயிற்று.

"இனி ஒருத்தரும் தொட்டிக்குக் கிட்டப் போகக்கூடாது. அவர் வந்து பாக்கேக்கை தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கவேணும். அவர் பாத்த பிறகு வேலையைத் தொடங்கினால் போதும்" என்றார் தலைவர்.

சங்கம் தொடங்கிய நாள் முதல் தலைவரின் கட்டளையும் நாலு பாகையின் விருப்பமும் ஒத்துப்போனது அன்றுதான். அவர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் காவலிருந்தார். ஓர் இலையான் தண்ணீர்மேல் பறந்து வந்தபோதுகூட எழுந்து மிகவும் மெதுவாகக் கலைத்தார்.

எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்தரைக்கு வந்தார். நஸீர் என்று பெயர். சப்பாத்தோடு நிறைகுடத்தைச் சுற்றிக் கவனமாக நடந்து வந்தார். தலைவர் சுத்தத் தமிழில் வரவேற்புரை ஆற்ற, அவர் சிரித்துக்கொண்டு, "என்னோடை சும்மா கதையுங்கோ ஐயா. நாங்களும் யாழ்ப்பாணம்தான். தொண்ணூறிலை முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளிக்கிடச் சொன்னதிலை புத்தளத்துக்குப் போகவேண்டி வந்திட்டுது, அவ்வளவுதான்" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. நம்ம ஆள் என்றால் கையெழுத்துக்கு என்ன குறை என்று நானும் நினைத்தேன்.

நஸீர் வயரைத் தொட்டியின் அடிவரை இறக்கினார். இலக்கம் இறங்கியது. பதினைந்து. ஒன்பது. ஆறு. நாலு தசம் மூன்று. நாலு தசம் ஒன்று. நாலு. அங்கேயே நின்றது.

நாலு பாகை எழுந்து தொப்பியைக் கழற்றினார். "நாலு" என்றார், பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு நஸீரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. வேலை சரிவந்துவிட்டது என்று நினைத்துப் பெண்கள் கைதட்டினார்கள். தலைவர் தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினார்.

"ரெண்டுக்கு மேலை போகக்கூடாதெல்லோ" என்றார் நஸீர். "உதிலை நாலு நிக்குது."

கைதட்டல் நின்றது. தலைவர் ஐஸ் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் தளும்பி நஸீருடைய சப்பாத்தில் படக்கூடாது என்று இரண்டு கட்டிகளைப் பூப்போல மேலே வைத்தார்கள். கால் மணித்தியாலம் பார்த்தோம். நாலு. இன்னும் இரண்டு கட்டி வைத்தோம். நாலு. வெப்பமானிக்கு மின்கலம் மாற்றினோம். புது மின்கலமும் நாலு என்றது. மூடுகிற கொட்டிலுக்கு இவ்வளவு ஐஸ் எதற்கு என்று ஒரு பெண் முணுமுணுத்தாள்.

இதற்கிடையில் நாலு பாகை சும்மா இருந்தாரா? நஸீரின் பக்கத்தில் நின்று, இன்னும் நூறு கட்டி போட்டாலும் இது இறங்காது, இறங்கவே முடியாது, மேலே மூன்று பாகைத் தண்ணீர் மிதந்துகொண்டுதான் இருக்கும் என்று மகிழ்ச்சியோடு விளக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கொட்டில் ஒருகாலமும் தேறாது என்பதைப் பரிசோதகருக்கு விஞ்ஞான முறைப்படி நிரூபித்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு மட்டும் விளங்கவில்லை. எனக்கு அவரைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டால் என்ன என்றிருந்தது.

"எனக்கும் விருப்பமில்லை ஐயா" என்று நஸீர் படிவத்தை எடுத்தார். "ஆனா நாலை ரெண்டெண்டு எழுத ஏலாது."

பிலோமினா அக்கா வரிசையை விட்டு வந்தார். சத்தம் போடவில்லை. அங்கியை அவிழ்த்து மடித்து வாங்குப் பலகையில் வைத்தார்.

"அண்ணை, நாளையிலை இருந்து நாங்கள் வரமாட்டம். தண்ணியை ஒருத்தரும் குழப்பாயினம். நீங்கள் இருந்து ஆறுதலாப் பாருங்கோ."

நாலு பாகை விளக்கத்தை விட்டுவிட்டுத் திரும்பினார். அந்த அக்காவைப் பார்த்தார். மடித்த அங்கியைப் பார்த்தார். பதின்மூன்று பெண்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சிவப்பு நாலைப் பார்த்தார். அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

விறுவிறுவென்று வெளியே போனவர், கரையில் கிடந்த வள்ளத்திலிருந்து ஒரு துடுப்போடு நஸீரிடம் திரும்பி வந்தார்.

"தம்பி, உந்தப் படிவத்தை ஒருக்கால் வடிவா வாசியுங்கோ. வேலை நடக்கேக்கை தண்ணி எத்தினை எண்டு கேட்டிருக்கோ, நிறைகுடம் வைக்கேக்கை எத்தினை எண்டு கேட்டிருக்கோ?"

நஸீர் தாளைப் புரட்டினார். மேலும் ஒருமுறை புரட்டினார். "வேலை நடக்கேக்கை எண்டுதான் கிடக்குது."

"அப்ப வேலை நடக்கட்டும்" என்று சொல்லித் துடுப்பைத் தொட்டிக்குள் அடிவரை விட்டார்.

ஆறு வருடத்தில் ஒரு போத்தலைக் குலுக்கவிடாத மனிதர் அந்தத் தொட்டியைக் கலக்கிய கலக்கு இருக்கிறதே. ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. துடுப்பின் மறுமுனை பின்னால் போய் நிறைகுடத்துத் தேங்காயைத் தட்டிவிட்டது. அது உருண்டு தலைவரின் காலடியில் போய் நின்றது. தலைவர் அதைக் குனிந்து எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு கூடைகளோடு ஓடிவந்தார்கள். மேல் தண்ணீர் கீழே போயிற்று, கீழ்த் தண்ணீர் மேலே வந்தது. மூன்று தசம் ஐந்து. இரண்டு தசம் ஆறு. ஒன்று தசம் எட்டு. கடைசியில் ஒன்று தசம் இரண்டில் நின்றது.

நஸீர் அவசரப்படவில்லை. இரண்டு தடவை அவித்த நண்டு இறங்கி ஏறும்வரை காத்திருந்து, மூன்று முறை பார்த்து எழுதிக் கையெழுத்திட்டார். அந்த நேரம் முழுவதும் நாலு பாகை துடுப்பால் கலக்கியபடியே முகத்தைக் கடலேரிப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். இலக்கம் மாறுவதை அவர் பார்க்கவில்லை.

வாகனம் போன பிறகு பிலோமினா அக்கா அங்கியைக் கட்டிக்கொண்டு கிட்ட வந்தார். "அண்ணை, நான் கொஞ்சம் கூடக் கதைச்சுப்போட்டன். மனதிலை வைக்காதேங்கோ."

"சீ, சீ. நீ சொன்னது சரி பிள்ளை" என்றார் அவர். பிறகு மெதுவாக, "நாலு நிண்டதைக் கண்டனி எல்லோ?" என்று கேட்டார்.

"கண்டனான் அண்ணை."

அந்தச் சனிக்கிழமை வேலை நேரத்துக்கு முன், வெள்ளெனவே முடிந்தது. வழக்கமாகக் கடைசிக் கூடை ஏறிய மறுநிமிடம் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஒருவரும் போகவில்லை. தொட்டியைக் கழுவினார்கள். புதுத் தண்ணீர் விட்டார்கள். மிச்சமிருந்த ஐஸை அலுங்காமல் மேலே மிதக்கவிட்டார்கள். பிலோமினா அக்கா வயரை இறக்கிவிட்டு, "அண்ணை, ரெண்டு மணித்தியாலம் எண்டனீங்கள். இருந்து பாருங்கோ. நாங்களும் இருக்கிறம்" என்றார். கவிழ்த்த பெட்டிகளில் பதினாலு பேரும் வரிசையாக அமர்ந்தார்கள். வாய் ஓயாமல் கதைக்கிற அந்தப் பதினாலு பேரும் தண்ணீர் அசைந்துவிடும் என்று பயந்தவர்கள் போல மூச்சுக்கூட மெதுவாக விட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நாலு பாகை என்றால் என்னவென்று அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கியிருக்காது.

நாலு பாகை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் நூறு வருடம் நல்லாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.